கேம்ப் போடுவதா, வேறு ஏதாவது செய்வதா? நெஞ்சு வலி, பிரஷர் பற்றி ஊருக்கு யோசனை வேண்டும்

கொல்லைமேடு (காரிமங்கலம் பக்கம்), ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. வயது 57. அன்றைக்குத் தக்காளி பறிக்க ஆள் சொல்லியிருந்தோம். விடிகாலை ஐந்தரைக்குக் காலி கிரேட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தவர், "நெஞ்சுல என்னமோ அடைக்குதுடா" என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தை மாதப் பனியில் சட்டை முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வியர்வை. அம்மா வாயுப் பிடிப்பு என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் ஓமத் தண்ணீர், அப்புறம் கோலி சோடா, அப்புறம் பெரியப்பா வந்து பெருங்காயம் கரைத்த மோர். ஏழரைக்குப் பக்கத்து ஊரில் ஊசி போடுகிற ஒருவரிடம் வண்டியில் வைத்துக் கூட்டிப்போய் ஒரு கேஸ் ஊசி. இசிஜி எடுக்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

ஆள் பிழைத்தார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனால் இதயத்தின் பம்ப் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டதாம். கிணற்று மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் திட்டவில்லை. "ஆறு மணிக்கே வந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாரியம்மன் பண்டிகைக் கணக்கு முடித்ததில் 38,000 ரூபாய் மிச்சம். எங்கள் பசங்களில் பாதிப் பேர் அடுத்த வருஷ ஆர்கெஸ்ட்ராவுக்கு வைக்கலாம் என்கிறார்கள். நான் இதய நோய்க்கு ஒரு மருத்துவ முகாம் போடலாம் என்றேன். செய்தால் உருப்படியாக இருக்க வேண்டும். எப்படிச் செய்யலாம், சொல்லுங்கள்.

---

பெங்களூர்பஸ் (ஊத்தங்கரை), ஞாயிறு இரவு 10.15

அப்பா தேறி வந்தது பெரிய விஷயம் நண்பா.

முகாம்தான் சரி. சிட்டியில் இருக்கிற பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் இலவசமாகவே வருவார்கள். நீங்கள் பந்தல், நாற்காலி, சாப்பாடு பார்த்துக்கொண்டால் போதும். இசிஜி, எக்கோ என்கிற இதய ஸ்கேன், சுகர் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போட்டோம், நல்ல கூட்டம். 38,000 தாராளம்.

---

ஊசிஅக்கா (பாலக்கோடு வட்டாரம்), திங்கள் காலை 6.05

தம்பி, நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முகாம்களில் மேசை போட்டு உட்கார்ந்தே பாதி ஆயுள் போனது. அதனால் கொஞ்சம் கசப்பாகச் சொல்வேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முகாம் நாளில் முந்நூறு பேர் வருவார்கள். அதில் ஒருத்தருக்குப் பிரஷர் 180 இருக்கும். சீட்டில் எழுதி, "ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்குங்க" என்போம். ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனால் அந்தச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். மாத்திரை மட்டும் இருக்காது. "தலவலியே இல்லைங்க, எதுக்கு மாத்திரை?" என்பார். பிரஷருக்கு வலி கிடையாது என்பதுதான் அதில் உள்ள சூதே.

இன்னொன்று. முகாமில் பார்க்கிற பிரஷரை நான் முழுசாக நம்ப மாட்டேன். வெயிலில் நடந்து வந்து, வரிசையில் சண்டை போட்டு, டீ குடித்த கையோடு நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் ஏறும். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். அரை மணிக்குள் டீயோ பீடியோ கூடாது. பேசவும் கூடாது, எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது ஒன்றுதான் கஷ்டம். இரண்டு முறை பார்க்க வேண்டும். இப்படி வேறு வேறு நாளில் பார்த்தும் 140/90க்கு மேலேயே நின்றால்தான் அது பிரஷர்.

ஒருநாள் கூத்தைவிட வருஷம் பூராவும் ஓடுகிற ஒரு நோட்டுப் புத்தகம் மேல். ஊரில் யார் யாருக்குப் பிரஷர், சுகர், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் நம் பக்கம்தான், சூளகிரி ஒன்றியம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிற திட்டம். தன்னார்வலர் வரும்போது ஆள் கொல்லைக்காட்டில் இருப்பார், வீடு பூட்டியிருக்கும். அந்த இடைவெளியை உங்கள் பசங்கள் அடைத்தால் அதுவே பெரிய உபகாரம்.

---

மருதம்பட்டை (பென்னாகரம் ரோடு), திங்கள் காலை 8.30

எல்லாரும் மாத்திரை மாத்திரை என்கிறீர்கள். எங்கள் தாத்தா களியும் கீரைக் குழம்பும் தின்று 91 வயது வரைக்கும் ஏர் ஓட்டினார். ஒரு மாத்திரை தொட்டதில்லை. கேழ்வரகு, கம்பு, சாமை, கொள்ளு என்று விளைந்த பூமி இது. அதை விட்டுவிட்டு ரேஷன் அரிசியும் பாமாயிலும் பரோட்டாவும் என்று மாறினோம், நோயும் வந்தது. மருதம்பட்டைக் கஷாயம் இதயத்துக்கு என்று நம் முன்னோர் சொன்னது சும்மாவா? முகாம் வைத்தால் சிறுதானிய உணவுத் திருவிழாவாக வையுங்கள். அதுதான் நிரந்தரத் தீர்வு.

---

அரூர்வாத்தியார் (அரூர்), திங்கள் மாலை 5.20

மருதம்பட்டை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் தாத்தா களி தின்றார், சரி. களி தின்றுவிட்டு ஏருக்குப் பின்னால் நடந்தாரே, அந்தக் கணக்கை எங்கே விட்டீர்கள்? இப்போது டிராக்டர் ஓட்டுகிறது, நாம் வரப்பில் நின்று போன் பார்க்கிறோம். களி உருண்டையின் அளவு மட்டும் தாத்தா காலத்து அளவிலேயே நிற்கிறது. கேழ்வரகு மாவிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். நாரும் கால்சியமும் அதில் உண்டு, அரிசியைவிட நல்லதுதான். ஆனால் "சுகருக்குக் களி எவ்வளவு வேணா தின்னலாம்" என்று நம்பி இரண்டு உருண்டையை முழுங்கிவிட்டு வெறும் ரசம் ஊற்றிக்கொள்கிறவர்களுக்குச் சுகர் எங்கே இறங்கும்? ஒரு உருண்டை, அதற்கு இரண்டு மடங்கு கீரையோ அவரைக்கொட்டைக் குழம்போ என்றால் சரி.

2023இல் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். என் வீட்டில் அதைக் களியாகக் கிண்டத் தெரிந்தவர் என் அம்மா ஒருவர்தான். அவருக்கும் இப்போது துடுப்பு பிடிக்கக் கை வலி. பேரப் பிள்ளைகள் நூடுல்ஸ் கேட்கிறார்கள். திருவிழா வைத்தால் கிண்டச் சொல்லிக்கொடுக்கிற திருவிழாவாக வையுங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் உப்பைப் பிடிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் பிரித்த தேதியையும் தீர்ந்த தேதியையும் எழுதி வாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். நாலு பேர் வீடென்றால் ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். பல பிள்ளைகள் வீட்டில் 30 நாள்கூட வரவில்லை. ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடையில் வாங்குகிற மிக்சர் எல்லாம் இதில் சேரவேயில்லை. ஒரு பையன், "சார், எங்க வீட்ல மாட்டுக்கும் போடுவோம்" என்றான். நியாயம்தான், மாட்டைக் கழித்துக்கொண்டோம்.

---

தக்காளிமண்டி (ராயக்கோட்டை), திங்கள் இரவு 11.50

படித்துவிட்டுச் சிரிப்பு வந்தது, அதனால் எழுதுகிறேன்.

2023 நவம்பரில் மாவட்டத்துக்கு மாவட்டம் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று ‘நடப்போம் நலம் பெறுவோம்' தொடங்கினார்கள். எங்கள் மண்டி மேஸ்திரி சொன்னார், "நாம நடக்கிறத அளந்தா தினமும் ஒகேனக்கல் போய்ட்டு வரலாம்". 25 கிலோ கிரேட்டைத் தலையில் வைத்து ராத்திரி இரண்டு மணியிலிருந்து லாரிக்கு ஏற்றுகிறோம். எங்களுக்கு எதற்கு நடைப்பயிற்சி?

அந்த மேஸ்திரி 49 வயதில் மண்டியிலேயே விழுந்தார். தூக்கும்போதே உயிர் இல்லை.

அதற்கப்புறம்தான் நாங்கள் சிலர் போய்ப் பிரஷர் பார்த்தோம். எனக்கு 160/100. உழைக்கிற உடம்புக்கு ஒன்றும் வராது என்றுதான் அதுவரைக்கும் இருந்தேன். டாக்டர் கேட்டார், "ராத்திரி எத்தனை டீ?" எட்டு. எட்டிலும் சக்கரை. "பீடி?" ஒரு கட்டு, சில நாள் ஒன்றரை. "தூக்கம்?" பகலில் நாலு மணி நேரம், அதுவும் தகர ஷீட்டுக்குக் கீழே. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

பீடியை விட்டு நாலு மாதம் ஆகிறது. பொய் சொல்லக் கூடாது, இடையில் இரண்டு முறை கல்யாண வீட்டில் ஊதிவிட்டேன். கொல்லைமேடு அண்ணா, முகாம் போட்டாலும் நோட்டுப் போட்டாலும் காலை பத்து மணிக்குப் போடாதீர்கள். அந்த நேரத்தில் நாங்கள் தூங்குவோம், மற்றவர்கள் கொல்லையிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார்கள். வருகிறவர்கள் ஏற்கெனவே ஒழுங்காக மாத்திரை போடுகிற பெரியவர்கள் மட்டும்தான்.

---

சின்னாறு (பென்னாகரம்), செவ்வாய் மதியம் 1.10

இதுவரைக்கும் ஆண்களின் நெஞ்சு வலியைத்தான் பேசியிருக்கிறோம். எங்கள் அம்மா கதையைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு நெஞ்சே வலிக்கவில்லை. இரண்டு நாளாக முதுகுக்கு நடுவில் இழுத்துப் பிடிக்கிற மாதிரி வலி, தாடை கனம், குமட்டல், துணி துவைக்க முடியாத அசதி. சுகர் பத்து வருஷமாக உண்டு. நாங்கள் சுளுக்கு என்று நினைத்து உருவிவிட்டோம். மூன்றாம் நாள் மூச்சுத் திணறிய பிறகுதான் ஓடினோம். பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் இப்படி வலி இல்லாமலோ வேறு இடத்தில் வலித்தோ வருவது உண்டாம். தெரிந்திருந்தால் முதல் நாளே போயிருப்போம்.

அம்மாவின் பிரஷர் ஏன் மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை என்பதற்கு இன்னொரு காரணம் அப்புறம்தான் தெரிந்தது. நம் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு என்பது ஊரறிந்த சங்கதி. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013இல் வருவதற்கு முன்னால் பல வருஷம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த தலைமுறை அம்மாவுடையது. பல்லில் காவி, மூட்டில் வலி. அந்த மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் "ஒரு செட்" மாத்திரை வாங்குவார். வாரத்துக்கு நாலு நாளாவது. அந்தச் செட்டில் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை இருந்தது. அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும், இதயத்துக்கும் ஆகாது என்று மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி டாக்டர் பெண்தான் கேட்டுக் கண்டுபிடித்தது. "வேற என்ன மாத்திரை போடறீங்கம்மா, பையைக் கொட்டுங்க" என்றாள். அதுவரைக்கும் யாரும் பையைக் கொட்டச் சொல்லவில்லை.

உங்கள் நோட்டில் ஒரு கட்டம் இதற்கும் போடுங்கள்: வலி மாத்திரை எத்தனை நாள்?

மருதம்பட்டை அண்ணா, பாமாயில் கெடுதல், அதில் பாதி கெட்டிக் கொழுப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய். கடலை எண்ணெய் விலையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணெயை மாற்றச் சொல்வது சுலபம், வாங்குகிறவள் நான். எங்கள் வீட்டில் அளவைக் குறைத்தோம்: ஆளுக்கு மாதம் அரை லிட்டர், அதற்கு மேல் போனால் அந்த மாதம் போண்டா கிடையாது. பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதையும் நிறுத்தினோம்.

---

மருதம்பட்டை, செவ்வாய் இரவு 7.45

தங்கச்சி சொல்வது நியாயம். விலைவாசியை நான் யோசிக்கவில்லை.

ஆனால் கஷாயத்தை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். நானே குடிக்கிறேன்.

---

ஊசிஅக்கா, புதன் காலை 5.50

தள்ளவில்லை தம்பி. குடியுங்கள், ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்காதீர்கள். டாக்டரிடமும் சொல்லிவிட்டுக் குடியுங்கள். அட்டெனோலால் மாதிரி சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலியே வரும். எனக்குத் தெரிந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் யாரும் கஷாயத்துக்காக நிறுத்துவதில்லை. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை போட்டால் சிலருக்குக் கால் வீங்கும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். "மாத்திரை ஒத்துக்கல" என்று தாங்களே நிறுத்திவிடுவார்கள். போய்ச் சொன்னால் வேறு மாற்றிக் கொடுப்பார்கள் என்று ஒருத்தரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. உங்கள் நோட்டில் ‘ஏன் நிறுத்தினார்' என்று எழுதுங்கள், பாதி வேலை அதில் முடியும்.

வாத்தியார் உப்பைப் பற்றிச் சொன்னார். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று வருகிறது. அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் எனலாப்ரில் வகை மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

இப்போது கொல்லைமேடு தம்பிக்கு. உங்கள் வீட்டில் போன அந்த மூன்றரை மணி நேரத்தைப் பற்றி. முகாமில் எத்தனை எக்கோ எடுத்தாலும் அதைத் திருப்ப முடியாது. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிய வேண்டும்.

நெஞ்சில் அடைப்பு, அழுத்தம், கல் வைத்த மாதிரி கனம், கையிலோ தாடையிலோ முதுகிலோ பரவுகிற வலி, காரணமில்லாத வியர்வை. இது வாயுவா மாரடைப்பா என்று பார்த்தே சொல்ல எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இசிஜிதான் சொல்லும். அதனால் சோடா தேடுகிற நேரத்தில் 108க்கு அடியுங்கள். வாயுவாக இருந்துவிட்டால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். நடக்க விடாதீர்கள், உட்கார வையுங்கள்.

2023இல் இருந்து ‘இதயம் காப்போம்' என்று ஒரு அரசுத் திட்டம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் முதல் டோஸ் மாத்திரை வைத்திருப்பார்கள். ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோகிரல் 75 நாலு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 எட்டு. மொத்தம் 14. கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாம், அல்லது ஆஞ்சியோ செய்து அடைப்பை எடுக்கலாம். ஊசிக்குப் பொதுவாகப் பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும் கணக்கு, ஆனால் ஒவ்வொரு மணிக்கும் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். முதல் மணியில் போடுவதும் பத்தாவது மணியில் போடுவதும் ஒன்றல்ல.

ஒரு எச்சரிக்கை. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைப் பக்கத்து வீட்டு ஆள் தனக்கு எழுதிக் கொடுத்தது என்று எடுத்து வந்து வைத்துவிடுவார். பிரஷர் ஏற்கெனவே இறங்கிக் கிடந்தால் அது ஆளைச் சாய்த்துவிடும். வேண்டாம்.

ஆள் மயங்கி மூச்சு இல்லை என்றால் நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து, இரண்டு அங்குலம் இறங்குகிற மாதிரி, நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது முறை அமுக்க வேண்டும். 108 வரும்வரை நிறுத்தக் கூடாது. தண்ணீர் தெளிப்பது, சாவிக் கொத்தைக் கையில் கொடுப்பது எல்லாம் நேரம் போக்குவது.

---

பெங்களூர்பஸ், புதன் காலை 9.30

அக்கா சொல்வதெல்லாம் சரி. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு? எங்கள் மாமாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இசிஜி மிஷின் இருக்கும் அறையின் சாவி யாரிடம் என்று தேடவே இருபது நிமிஷம். அங்கிருந்து வேறு இடத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள், அங்கே போனால் இன்னொரு இடம். நீங்கள் எழுதுவது புத்தகத்தில் அழகாக இருக்கிறது.

அப்புறம், நான் வாரம் ஆறு நாள் பெங்களூரில். என்னை மாதிரி ஊரில் பாதிப் பேர் கட்டட வேலை, பேக்கரி என்று அங்கேதான். வீட்டில் இருப்பது அறுபது வயது தாண்டிய இரண்டு பேர். வலி வந்தால் யாரை எழுப்புவார்கள்? அதனால்தான் முன்கூட்டியே எக்கோ எடுத்து வைத்தால் நல்லது என்றேன்.

---

ஊசிஅக்கா, புதன் மாலை 6.40

சாவி கதையை நான் மறுக்கவில்லை, நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் பகலில் போய் விசாரித்து வைக்கச் சொல்கிறேன். ராத்திரியில் இசிஜி எங்கே எடுக்கிறார்கள், ஊசி எங்கே போடுகிறார்கள், ஆஞ்சியோ வசதி எங்கே, அதில் எது காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள்கிறது. ஊருக்கு ஊர் பதில் வேறு. ஊத்தங்கரைக்காரருக்கு ஒரு பக்கம், அஞ்செட்டிக்காரருக்கு ஒரு பக்கம், தொப்பூர்க்காரர் சேலம் பக்கம் ஓடுவார். எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

எக்கோ பற்றி: இன்றைக்கு எக்கோ நன்றாக இருந்தவருக்கு அடுத்த மாதம் மாரடைப்பு வரலாம். சும்மா இருக்கும்போது எடுக்கிற இசிஜியும் அப்படித்தான். "போன மாசம் கேம்ப்ல நார்மல்னு சொன்னாங்க" என்று வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை எனக்குத் தெரியும்.

---

தளிக்குளிர் (தளி), வியாழன் காலை 10.00

ஒரு சின்ன விஷயம். எங்கள் பக்கம் சுவரில் தமிழில் ஒட்டினால் பாதி வீட்டுக்குப் போய்ச் சேராது. வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும்தான். வயசான அம்மாக்களுக்கு எழுத்தே தெரியாது. நாங்கள் கோவில் மைக்கில் வெள்ளிக்கிழமை பூஜைக்கு முன்னால் இரண்டு நிமிஷம் மூன்று பாஷையிலும் சொல்லவைத்தோம். "நெஞ்சு வலின்னா 108, சோடா இல்ல." அவ்வளவுதான் வசனம். பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடித் திரிந்தார்கள். பெட்டிக்கடைக்காரர் மட்டும் சோடா விற்பனை போச்சு என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

108க்கு வழி சொல்வதையும் பழக்குங்கள். "எங்க ஊரு பெரிய ஆலமரம் பக்கத்துல" என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்? பஞ்சாயத்து பெயர், மெயின் ரோட்டில் திரும்புகிற இடம், ஒரு அடையாளம் என்று சொல்ல வேண்டும். மலைமேல் உள்ள ஊர்களில் ஆம்புலன்ஸ் ஏறி வரும்வரை காத்திருக்காமல் குட்டியானையில் படுக்கவைத்து இறக்கி, பாதி வழியில் மாற்றிக்கொள்கிறோம்.

---

அரூர்வாத்தியார், வியாழன் இரவு 9.15

சோடா வசனம் பிரமாதம். திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பிரேயரில் சொல்லவைக்கப் போகிறேன்.

பிள்ளைகள் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. போன வருஷம் என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழு பார்த்து, வால்வில் கோளாறு என்றார்கள். சின்ன வயதில் தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு மாற்றி மூட்டு வீக்கம் என்று வந்ததைச் சரியாகப் பார்க்காமல் விட்டதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலாம். இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. ஊசி நாளில் பள்ளிக்கு லீவு போடுவாள், நான் ஆப்சென்ட் போடுவதில்லை. இதயம் என்றால் கிழவர்கள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள்.

---

கொல்லைமேடு, மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். பறிப்பு, அப்புறம் விலை இல்லாமல் பறிப்பை நிறுத்தியது என்று போனது.

கூட்டம் போட்டோம். ஆர்கெஸ்ட்ரா கட்சி பலமாகத்தான் இருந்தது. தக்காளிமண்டி எழுதிய மேஸ்திரி கதையை நான் சத்தமாக வாசித்தேன். அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. முகாம் வேண்டாம் என்று முடிவு.

கைக்குக் கட்டுகிற பிரஷர் மிஷின் இரண்டு வாங்கினோம். மணிக்கட்டு மிஷின் விலை குறைவு என்றான் ஒருத்தன், அதை அப்படியே நம்ப முடியாது என்று மருந்தாளுநர் தடுத்துவிட்டார். நீள நோட்டு ஒன்று. செவ்வாய், வெள்ளி மாலை ஏழுக்கு மேல் கோவில் திண்ணையில் உட்காருகிறோம். ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மணல் கடிகாரம் மாதிரி ஏதாவது வைக்கலாம் என்று பார்த்தோம். கடைசியில் ஒரு பையன் போனில் ஐந்து நிமிஷ சாமி பாட்டு போட்டான், பாட்டு முடியும்வரை எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இதுவரைக்கும் 64 பேரைப் பார்த்திருக்கிறோம். இரண்டு நாள் பார்த்தும் உயரமாகவே இருந்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எங்கள் குட்டியானையிலேயே மொத்தமாகக் கூட்டிப்போனோம், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. ஏற்கெனவே மாத்திரை வாங்கிப் பாதியில் நிறுத்தியவர்கள் ஏழு பேர். ஊசிஅக்கா சொன்னபடி ‘ஏன்' என்று எழுதினேன்: இரண்டு பேருக்கு இருமல், ஒருத்தருக்குக் கால் வீக்கம், மூன்று பேருக்குத் தன்னார்வலர் வரும்போது வீடு பூட்டு. ஏழாவது என் பெரியப்பா. காரணம் கேட்டால் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்கிறார். அன்றைக்குப் பெருங்காய மோர் கொண்டுவந்தவரும் அவர்தான்.

சின்னாறு அக்கா, வலி மாத்திரைக் கட்டம் போட்டோம். நாங்கள் எதிர்பார்க்காத அளவுக்கு நிறைய. ஒரு பாட்டி முந்தானை முடிச்சிலேயே வைத்திருந்தார்.

தோற்றதும் உண்டு. அன்னதானத்தில் ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். "சாமி சோத்துல கை வைக்காத" என்று பெண்கள் பக்கமிருந்து திட்டு. பின்வாங்கிவிட்டோம்.

மிச்சம் 31,000 ரூபாய் சொச்சம் அப்படியே இருக்கிறது. ராத்திரிக்கு வண்டி தருகிற மூன்று பேருக்கு டீசல் காசு என்று ஒதுக்கியிருக்கிறோம். பெங்களூரில் இருக்கிற பிள்ளைகளின் போன் நம்பரோடு, அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் யாரை எழுப்புவது என்பதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

---

பெங்களூர்பஸ், ஞாயிறு இரவு 8.50

அந்தக் கடைசிப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், நம்பரை மறைத்துவிட்டு. எங்கள் ஊரிலும் அதே மாதிரி எழுதுகிறோம். முகாமைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இதை முதலில் செய்கிறோம்.

---

ஊசிஅக்கா, திங்கள் காலை 5.45

மிஷின் பெல்ட் ஒரே அளவுதானா தம்பி? பருமனான கைக்குச் சின்ன பெல்ட் கட்டினால் பிரஷரை ஏற்றிக் காட்டும். பெரிய பெல்ட் தனியாகக் கிடைக்கும், ஒன்று வாங்கி வையுங்கள். பெரியப்பா பெயரை என்னிடம் விடுங்கள், காரிமங்கலம் சந்தைக்கு வரும்போது நானே ஒரு எட்டு வந்து பேசிப் பார்க்கிறேன்.

---

கொல்லைமேடு, திங்கள் காலை 6.20

வாங்க அக்கா. செவ்வாய் மாலை என்றால் திண்ணையில்தான் இருப்பார். பிரஷர் பார்க்க மாட்டார். ஆனால் வருகிறவர்களுக்குப் பெல்ட் கட்டிவிடுவது இப்போது அவர்தான், வேறு யாரையும் கிட்டே விடுவதில்லை.